அம்மாவின் வயிற்றோட்டமும் நாங்கள் தொலைத்த ஆறு நாட்களும்

அம்மா விழுந்தது 2025 பெப்ரவரி 3ஆம் திகதி. விடியற்காலைப் பனியில் நனைந்து கிடந்த லயத்துப் படியில் கால் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. முப்பத்தெட்டு வருஷம் தேயிலைக் கொழுந்துக் கூடையோடு இலங்கையின் தலவாக்கலைப் பக்கத்து மலைகளில் ஏறி இறங்கியவர், வீட்டு வாசலில் விழுந்தார். தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போய், அங்கிருந்து பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போய், கடைசியில் நகரத்துப் பெரிய அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். 6ஆம் திகதி ஒப்பரேஷன். எலும்பு நல்லபடியாகப் பொருந்தியது. எங்களை உலுக்கிப் போட்டது அதற்குப் பிறகு வந்த வயிற்றோட்டம். அதைப் பற்றி எனக்கு ஒரு வார்த்தை முன்கூட்டித் தெரிந்திருந்தாலும் ஆறு நாட்களை இழந்திருக்க மாட்டோம். சி. டிஃப் என்பதுதான் அந்த வார்த்தை, ஆஸ்பத்திரியில் என்டிபயோடிக் எடுப்பவர்களின் குடலைப் பிடிக்கும் ஒரு கிருமியின் பெயர். அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். அங்கே எங்களுக்கு நல்லது செய்தவர்களும் இருந்தார்கள்.

ஒப்பரேஷனுக்கு முன்பும் பின்பும் அம்மாவுக்கு என்டிபயோடிக் ஊசி போட்டார்கள். சிறுநீர்க் குழாய் போட்டிருந்ததால் 9ஆம் திகதி குளிர்காய்ச்சல் வந்தது, சிறுநீரில் கிருமி என்றார்கள். ஊசியை செஃப்ட்ரியாக்சோனுக்கு மாற்றினார்கள். வலி மாத்திரை வயிற்றைப் புண்ணாக்காமல் இருக்கக் காலையில் ஒரு ஒமெப்ரசோல். படுத்தே கிடந்ததால் மலச்சிக்கல் என்று 10ஆம், 11ஆம் திகதிகளில் இளக்கும் சிரப். இந்த மருந்துப் பெயரெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. பிறகு பெட் ஹெட் டிக்கட்டை, அதாவது நோயாளியின் குறிப்புத் தாளை, பார்த்து எழுதியெடுத்துக் கொண்டேன். அன்றைக்கே ஒரு கொப்பியில் குறித்து வைத்திருக்க வேண்டும். என்ன மருந்து, எந்தத் திகதியில் தொடங்கியது, எப்போது நிறுத்தியது என்ற மூன்று விஷயம் போதும். ஆஸ்பத்திரியில் துணைக்கு நிற்கப் போகிற யாராக இருந்தாலும் சோப்பும் துவாயும் எடுத்து வைக்கும்போது ஒரு கொப்பியையும் பேனையையும் சேர்த்து எடுத்து வையுங்கள்.

13ஆம் திகதி இரவு மூன்று தடவை தண்ணியாகப் போனது. நான் பக்கத்தில் கதிரையில் சாய்ந்திருந்தேன், அம்மா என்னைக்கூட எழுப்பவில்லை. காலையில் துணி மாற்றும்போதுதான் கண்டேன். "சின்னப் புள்ள மாதிரி ஆயிருச்சு, வெக்கமா இருக்கு, யாருகிட்டயும் சொல்லாத" என்று கையைப் பிடித்துக்கொண்டார். காலையில் மிஸ், அதாவது தாதி, வந்து "பாச்சனயத?" என்று கேட்டபோது அம்மாவுக்கு அந்தச் சிங்களச் சொல் விளங்கவில்லை. எதைக் கேட்டாலும் இல்லை என்று தலையாட்டிப் பழகியவர், அதற்கும் அப்படியே ஆட்டிவிட்டார். சார்ட்டில் வயிற்றோட்டம் ஏறவே இல்லை. நான் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறவள், சிங்களம் ஓரளவு பேசுவேன். அந்த நேரம் நான் பைப்படியில் துணி அலசிக் கொண்டிருந்தேன். வயிற்றோட்டம் என்பதற்குப் பாச்சனய என்று சிங்களத்தில் சொல்வார்கள். உங்கள் அம்மா, அப்பாவுக்கு இந்தச் சொல்லைச் சொல்லிக்கொடுத்து வையுங்கள். நாங்களும் வெட்கத்தை விட்டு, எத்தனை தடவை போனது, தண்ணியா, சளியா, இரத்தம் உண்டா என்று எண்ணிக்கையோடு சொல்ல வேண்டும். ஒரு நாளில் மூன்று தடவையோ அதற்கு மேலோ இளகிப் போனால் அது சொல்ல வேண்டிய விஷயம். இதைப் பிறகுதான் கற்றேன்.

மறுநாள் ஏழு தடவை. எனக்கு முதலில் வந்த நினைப்பு சாப்பாடுதான். மலையகத்தில் வளர்ந்த எங்களுக்கு வயிற்றுக் கோளாறு என்றால் தண்ணீரும் சாப்பாடும்தான் தெரியும். வயிற்றுளைவு, நெருப்புக் காய்ச்சல் என்றால் பி.எச்.ஐ. என்ற பொதுச் சுகாதாரப் பரிசோதகர் லயத்துக்கு வந்து பீலித் தண்ணியைப் பார்ப்பார், கக்கூசைப் பார்ப்பார், கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்பார். சின்ன வயதிலிருந்து அதுவே எங்கள் அறிவு. ஆகவே முதல் நாள் அண்ணி கொண்டுவந்த மீன்குழம்பில் பழியைப் போட்டேன். வார்ட்டு வாசலிலேயே, பத்துப் பேர் பார்க்க, "பழைய மீனைக் கொண்டாந்து எங்கம்மாவ இப்பிடி ஆக்கிட்டீங்களே அண்ணி" என்று சொல்லிவிட்டேன். அண்ணி விடியற்காலை மூன்று மணிக்கு எழும்பிச் சமைத்து, முதல் பஸ்ஸைப் பிடித்து, அன்றைய பேரையும், அதாவது ஒரு நாள் சம்பளத்தையும், விட்டுவிட்டு வந்தவர். ஒன்றும் பேசாமல் டிபன் கரியரைக் கழுவி எடுத்துக்கொண்டு போனார். நோய் எங்கிருந்து வந்தது என்று தெரிந்த பிறகு அவர் காலைத் தொட்டு மன்னிப்புக் கேட்டேன். அவர் மன்னித்துவிட்டார், ஆனால் அந்த வாசலில் அவர் முகம் இருந்த விதம் எனக்கு மறக்கவில்லை.

அம்மா ஏற்கனவே பத்து நாளாக ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்பது எனக்கு அப்போது ஒரு தடயமாகவே தெரியவில்லை. ஆய்வுகூடத்துக்காரர்கள் பார்க்கும் முதல் கணக்கு அதுதானாம். வெளியிலிருந்து சாப்பாடு, தண்ணீர் வழியாக வரும் சல்மொனெல்லா, ஷிகெல்லா போன்ற கிருமிகள், வார்ட்டில் சேர்ந்து மூன்று நாள் தாண்டிய ஒருவருக்குப் புதிதாக வருவது குறைவு. அதுவே ஆஸ்பத்திரியில் இருந்துகொண்டு, என்டிபயோடிக் எடுத்துக்கொண்டு இருக்கும் வயதானவருக்கு வயிற்றோட்டம் தொடங்கினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது வேறொன்று. அதன் பெயர் குளோஸ்ட்ரிடியோய்டிஸ் டிஃபிசில், வாயில் நுழைகிற மாதிரிச் சொன்னால் சி. டிஃப். என்டிபயோடிக் எடுக்கும் எல்லோருடைய வயிற்றோட்டமும் இதனால் வருவதில்லை, பெரும்பாலானது மருந்தை நிறுத்தியதும் தானாக நின்றுவிடும். ஆனால் இதுவாக இருந்தால் காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் கேடு.

நாங்கள் காத்திருந்தோம். அதுவும் தப்புத் தப்பாக. 15ஆம் திகதி காலை வார்ட்டில் மலம் பரிசோதிக்கச் சொன்னார்கள். ஆறு மணிக்கு ஒரு யோகட் கோப்பையில் எடுத்து மூடி, கட்டிலுக்கு அடியில் வைத்தேன். டொக்டர்மார் ரவுண்ட் முடிந்து, படிவம் எழுதிக் கையில் கிடைத்து, நான் லெப்புக்குப் போனபோது மணி பதினொன்றரை. அங்கே இருந்த தம்பி கோப்பையைத் திருப்பித் தந்துவிட்டார். "இது ரொம்ப நேரமாச்சு, சிறுநீரும் கலந்திருக்கு, இத வச்சு ஒண்ணும் சொல்ல ஏலாது" என்றார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. அவர் சொன்னது சரி. லெப்பில் தரும் மூடி போட்ட சுத்தமான போத்தலை முன்னாடியே வாங்கி வைத்திருக்க வேண்டும். சிறுநீர் கலக்காமல் எடுக்க வேண்டும், எடுத்ததும் நேரத்தை எழுதிக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். இந்தக் கிருமி கக்கும் நஞ்சு சாதாரண அறைச் சூட்டில் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே சிதையத் தொடங்கிவிடுமாம். உடனே கொடுக்க முடியாவிட்டால் 2 முதல் 8 பாகை வரையிலான குளிரில், அதாவது பிரிட்ஜில், வைக்க வேண்டும். நம்ம ஊர்க் குளிர் போதும் என்றுதான் நான் கட்டிலடியில் வைத்தேன். போதாது.

அந்த ஆத்திரத்தோடு அன்று மத்தியானமே வெளியே ஒரு தனியார் லெப்புக்குப் போனேன். கவுன்டரில் "வயித்தோட்டத்துக்கு இருக்கிற டெஸ்ட் எல்லாம் பண்ணுங்க" என்றேன். 3,800 ரூபா வாங்கிக்கொண்டு மலத்தின் முழு ரிப்போர்ட்டும், கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சரும் செய்தார்கள். மூன்று நாள் கழித்து, 18ஆம் திகதி, கிருமி எதுவும் வளரவில்லை, சல்மொனெல்லா இல்லை, ஷிகெல்லா இல்லை என்று தாள் வந்தது. எனக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. நானே அதைக் கொண்டுபோய் டொக்டரிடம் காட்டி, "ரிப்போர்ட் கிளியர் சேர்" என்றேன். அந்தச் சந்தோஷத்தைப் போல எங்களுக்குக் கெடுதல் செய்தது வேறொன்றுமில்லை. சாதாரண மலக் கல்ச்சரில் சி. டிஃப் தெரியவே தெரியாது. அது காற்றுப் பட்டால் வளராத கிருமி. 1935இல், புதிதாகப் பிறந்த குழந்தைகளின் மலத்தில் இதை முதன்முதல் கண்டவர்கள், பிரித்தெடுத்து வளர்ப்பது அவ்வளவு பாடாக இருந்ததால்தான் 'கடினமானது' என்று பொருள்படும் லத்தீன் சொல்லையே பெயராக வைத்தார்கள். என்டிபயோடிக்குக்குப் பிறகு வரும் கடுமையான குடலழற்சிக்கு இதுதான் காரணம் என்று பிடிபட்டதே 1978இல்தான். ஆகவே 'சி. டிஃப்' என்று படிவத்தில் தனியாக எழுதிக் கேட்டால்தான் அதைத் தேடுவார்கள். நான் 'எல்லா டெஸ்டும்' என்று கேட்டதில் அது இருக்கவில்லை. காசு கட்டுமுன் கவுன்டரில் "இதில் என்னென்ன கிருமி பார்ப்பீர்கள்?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் 3,800 ரூபாவும் மூன்று நாளும் மிஞ்சியிருக்கும்.

இதற்கிடையில் நான் செய்த இன்னொரு காரியம் இருக்கிறது. 16ஆம் திகதி அம்மா பன்னிரண்டு தடவை போய், உதடு வெடித்து, கண் உள்ளே போய்க் கிடந்தார். ஜீவனி என்ற உப்புச்சீனித் தூளைக் கரைத்துக் கொடுத்தோம், சலைன் ஏற்றினார்கள். ஆனாலும் என்னால் பார்க்க முடியவில்லை. வெளியே பாமசியில் வயிற்றோட்டம் நிற்கும் மாத்திரை கேட்டு லொபெரமைட் வாங்கி, மிஸ்மாருக்குச் சொல்லாமல் இரண்டு கொடுத்துவிட்டேன். 17ஆம் திகதி நின்றது. நின்றுவிட்டது என்று கோயிலுக்கு நேர்ந்துகொண்டேன். அன்று இரவே வயிறு மத்தளம் போல உப்பியது, தொட்டால் கத்தினார், 18ஆம் திகதி காய்ச்சல் 39 பாகைக்குப் போனது. இரத்தத்தில் வெள்ளை அணு 21,400. இந்த நோயில் வெள்ளை அணு 15,000க்கு மேல் போனாலே கடுமையானது என்று எடுத்துக்கொள்வார்களாம். வெளியே போகாமல் அடைத்து வைத்ததால் நஞ்சு குடலுக்குள்ளேயே தங்கியிருக்கும் என்று பிறகு விளங்கப்படுத்தினார்கள். வயிறு உப்பிக்கொண்டு போக்கு திடீரென்று நின்றால் அதைச் சுகம் என்று எண்ணக் கூடாது. அந்த மாத்திரையை நான் கொடுத்ததை டொக்டரிடம் சொல்ல எனக்கு ஒரு முழுநாள் எடுத்தது. நீங்கள் என்ன கொடுத்திருந்தாலும், கொத்தமல்லித் தண்ணியாக இருந்தாலும், உடனே சொல்லிவிடுங்கள்.

19ஆம் திகதி காலை நுண்ணுயிரியல் டொக்டர் வார்ட்டுக்கு வந்தார். பக்கத்தில் தொற்றுக் கட்டுப்பாட்டுக்குப் பொறுப்பான மிஸ். டொக்டர் அம்மாவின் கட்டிலருகே நின்று நான்கு கேள்விதான் கேட்டார். எப்போது சேர்ந்தது? என்னென்ன என்டிபயோடிக்? ஒரு நாளைக்கு எத்தனை தடவை? மலமிளக்கி ஏதும் கொடுத்தீர்களா, கடைசியாக எப்போது? மலமிளக்கி கொடுத்து 48 மணி நேரத்துக்குள் இளகிப் போனால் அது மருந்தின் வேலையாக இருக்கலாம், அதற்கு டெஸ்ட் செய்து குழம்பக் கூடாது என்பதற்காக அந்தக் கேள்வி. அம்மாவுக்கு அது நின்று எட்டு நாள். செஃப்ட்ரியாக்சோனை நிறுத்தச் சொன்னார், ஒமெப்ரசோலையும் நிறுத்தச் சொன்னார், டெஸ்ட் முடிவுக்குக் காத்திராமல் வன்கோமைசினை வாயால் கொடுக்கச் சொன்னார். ஐந்து நிமிஷத்தில் நடந்தது இது. ஆறு நாள் நான் நடந்த நடைக்கு ஐந்து நிமிஷம். அந்த நான்கு கேள்விக்கும் பதில் முதல் நாளிலிருந்தே எங்களிடம் இருந்தது. நுண்ணுயிரியல் டொக்டர் ஒருவர் இருக்கிறார், அவரிடம் அபிப்பிராயம் கேட்கலாம் என்று எனக்குத் தெரிந்திருந்தால் 14ஆம் திகதியே வார்ட்டு டொக்டரிடம் பணிவாகக் கேட்டிருப்பேன். கேட்பதில் குற்றமில்லை. நீங்களும் கேளுங்கள்.

ஆஸ்பத்திரி லெப்பில் அந்த டெஸ்டுக்கான கிட் அப்போது இருக்கவில்லை. இந்த முறை சரியான போத்தலில் புதிதாக எடுத்து, ஐஸ் பெக் வைத்த பெட்டியில் போட்டு, அண்ணன் ஆட்டோவில் கொண்டோடினார். 9,500 ரூபா. அன்று பின்னேரமே முடிவு வந்தது. கோப்பையைத் திருப்பித் தந்த அந்த லெப் தம்பியை வழியில் கண்டு தாளைக் காட்டினேன். அவர் படிக்கட்டில் நின்றபடியே பொறுமையாகச் சொல்லித் தந்தார். ஜி.டி.எச் என்பது இந்தக் கிருமியின் உடம்பில் உள்ள ஒரு புரதம். அது இருந்தால் ஆள் வீட்டுக்குள் இருக்கிறான் என்று அர்த்தம், ஆனால் சாதுவான ஆளா ரவுடியா என்று தெரியாது, ஏனென்றால் நஞ்சு கக்காத வகையும் உண்டு. டொக்ஸின் ஏ, பி என்ற இரண்டும் அது கக்கும் நஞ்சு. அது தெரிந்தால் உள்ளே அடிதடி நடக்கிறது என்று அர்த்தம். நஞ்சு டெஸ்ட் சில நேரம் தவறவிட்டுவிடும், ஆகவே முதலாவது ஆம் என்றும் இரண்டாவது இல்லை என்றும் வந்தால் பி.சி.ஆர் செய்து நஞ்சின் மரபணு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அந்த ரவுடியிடம் கத்தி இருக்கிறதா என்று பார்ப்பது போல. ஆனால் கத்தி வைத்திருப்பவன் எல்லாம் குத்திக்கொண்டிருக்க மாட்டான், சிலர் நோயே இல்லாமல் வயிற்றில் சுமந்துகொண்டிருப்பார்கள். அதனால்தான் ஒரே டெஸ்டை நம்பாமல் இரண்டு படியாகச் செய்வதும், இளகிப் போகும் மலத்தை மட்டும் எடுப்பதும். கெட்டியான மலத்தைக் கொண்டுபோனால் லெப் திருப்பி அனுப்புவது நல்லதற்குத்தான். அம்மாவுக்கு ஜி.டி.எச்சும் ஆம், டொக்ஸினும் ஆம்.

மருந்து விஷயத்தில் நான் ஒரு சண்டை போட்டேன். மிஸ் வயல் என்ற சின்ன ஊசி மருந்துக் குப்பியை உடைத்து, கரைத்து, அம்மாவைக் குடிக்கச் சொன்னார். ஊசியை வாயால் கொடுக்கிறார்கள், பிழையாகச் செய்கிறார்கள் என்று கத்திவிட்டேன். அவர் கோபப்படாமல் சொன்னார்: வன்கோமைசினை நரம்பில் ஏற்றினால் அது குடலுக்குள் போய்ச் சேராது, கிருமியோ குடலுக்குள்தான் இருக்கிறது, அதனால் குடித்தால்தான் வேலை செய்யும். 125 மில்லிகிராம், ஒரு நாளைக்கு நாலு தடவை, பத்து நாள். ஒரு நாளைக்கு 500 மில்லிகிராம் வயல் ஒன்று. ஆஸ்பத்திரியில் நாலு நாளைக்குத்தான் இருப்பு இருந்தது. மிச்சம் ஆறு வயலையும் வெளியே 1,900 ரூபாப்படி 11,400 கொடுத்து வாங்கினோம். என் தோட்டை அடகு வைத்த காசு அது. வேப்பங்காய்க் கசப்பு என்று அம்மா முகத்தைச் சுளிப்பார், பிறகு ஒரு வாய் தேத்தண்ணி. நாலாம் நாள் வயிற்று உப்பல் வடிந்தது. ஆறாம் நாள் "பசிக்குதடி" என்றார். நான் பைப்படிக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

இனிச் சொல்லப்போவதுதான் என் மனதை இன்றுவரை அரிப்பது. பக்கத்துக் கட்டிலில் வலப்பனைப் பக்கத்து ஆச்சி ஒருவர் இருந்தார், சிங்களவர், காலில் ஆறாத புண். அவர் மகள் வேலைக்குப் போய்ப் பின்னேரம்தான் வருவார். பகல் முழுக்க நான்தான் ஆச்சிக்கும் பார்த்தேன். தோடம்பழம் உரித்துக் கொடுப்பேன், தலையணையைச் சரி செய்வேன், பெட் பேன் வைப்பேன். ஒவ்வொரு தடவையும் கைக்குச் சனிடைசர் போட்டுக்கொண்டுதான். கொரோனாக் காலத்திலிருந்து என் பையில் அந்தச் சின்னப் போத்தல் தொங்குகிறது. அம்மாவின் துணியை மாற்றுவேன், இரண்டு சொட்டு தேய்ப்பேன், ஆச்சியிடம் போவேன். சுத்தமாக இருக்கிறேன் என்று முழுமனதாக நம்பினேன். 20ஆம் திகதி ஆச்சிக்கும் வயிற்றோட்டம் தொடங்கியது.

சி. டிஃப் தன்னைச் சுற்றி ஓடு ஒன்றைக் கட்டிக்கொண்டு வித்து போல உறங்கக் கூடியது. அந்த வித்தை மதுசாரம் கொல்லாது. எவ்வளவு சனிடைசர் தேய்த்தாலும் அது கையில் அப்படியே இருக்கும். சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணியில் நன்றாகத் தேய்த்துக் கழுவினால்தான் கையை விட்டுக் கழன்று போகும். கட்டில் கம்பி, கதவுக் கைபிடி, கொமோட் இருக்கை, இங்கெல்லாம் மாதக்கணக்காக உயிரோடு கிடக்கும். தொற்றுக் கட்டுப்பாட்டு மிஸ் இதை எனக்குச் சொன்னபோது நான் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். "என்னாலதானா மிஸ்?" என்று கேட்டேன். அப்படி ஒருவர் மேல் வைத்துச் சொல்ல முடியாது, ஆச்சிக்கும் என்டிபயோடிக் போகிறது, முப்பது பேர் பாவிக்கும் கக்கூஸ், ஒரே கொமோட் என்றார். இருக்கலாம். ஆனால் கைகழுவும் பேசினில் சோப்பு இல்லாத நாட்களில் ஒரு சோப்புக் கட்டியை நானே வாங்கி வைத்திருக்கலாம். சனிடைசர் இருக்கிறதே என்று விட்டுவிட்டேன்.

அதன் பிறகு அந்த மிஸ் செய்த வேலையைப் பார்த்தேன். அம்மாவைக் கக்கூசுக்குப் பக்கத்து மூலைக்கு மாற்றினார்கள், ஆச்சிக்கும் முடிவு வந்ததும் அவரையும் அதே மூலைக்கு. இரண்டு பேருக்கும் தனிக் கொமோட், அவர்களுக்கென்றே ஒரு பிரஷர் மெஷின் பட்டி, தேர்மோமீற்றர். கிட்டே வருகிற எல்லோருக்கும் கிளவ்சும் ஏப்ரனும். கழற்றிய பிறகு சோப்புத் தண்ணி. கட்டிலையும் கம்பியையும் முதலில் சோப்பால் துடைத்து, அதன்பின் குளோரின் தண்ணியால் துடைத்தார்கள், காலையும் மாலையும். போக்கு நின்று 48 மணி நேரம் ஆகும் வரை அங்கேயே. தள்ளிவைத்துவிட்டார்கள் என்று அம்மா முதல் நாள் அழுதார். நாம் தீண்டத்தகாதவர்களாகிவிட்டோம் என்ற நினைப்பு. நான் உட்கார்ந்து விளங்கப்படுத்தினேன், மற்ற முப்பது பேரைக் காப்பாற்றத்தான் இது என்று. உங்கள் ஆட்களைத் தனியாக வைத்தால் சண்டைக்குப் போகாதீர்கள். மாறாக, தனியாக வைக்கவில்லை என்றால் கேளுங்கள்.

மார்ச் 1ஆம் திகதி வீட்டுக்கு விட்டார்கள். போகுமுன் இன்னொரு தடவை டெஸ்ட் செய்து கிருமி போய்விட்டதா என்று பார்த்துவிடலாம் என்று அண்ணன் பிடிவாதம் பிடித்தார். இன்னொரு 9,500 கொடுக்கவும் தயார். லெப் தம்பிதான் வேண்டாம் என்றார். சுகமான பிறகும் வாரக்கணக்காக அந்த டெஸ்ட் ஆம் என்று காட்டலாம், அதைப் பார்த்துத் திரும்ப மருந்து கொடுத்தால்தான் கேடு. போக்கு நின்றதா, சாப்பிடுகிறாரா, காய்ச்சல் இல்லையா, இதுதான் சுகத்துக்கு அடையாளம். அவர் சொன்னதால் ஒரு செலவு தப்பியது. கணக்குப் பார்த்தால் டெஸ்டுக்கும் வயலுக்கும் 24,700, ஆட்டோ, வேன், பஸ் என்று 16,500, பம்பர்ஸ், கிளவ்ஸ், சோப்பு, குளோரின் 9,200. அண்ணி பேர் போடாத 11 நாளுக்கு 1,350 ரூபாப்படி 14,850. எல்லாம் 65,250 ரூபா. அரசாங்க ஆஸ்பத்திரி, வைத்தியம் இலவசம்தான். அதையும் நன்றியோடு சொல்கிறேன்.

எங்கள் லயத்தில் நாலு வீட்டுக்கு ஒரு கக்கூஸ். வீட்டுக்கு வரும் முதல் நாளே அந்த நாலு வீட்டையும் கூப்பிட்டு உள்ளதை உள்ளபடி சொன்னேன். மறைத்திருந்தால் பின்னால் பேச்சு வந்திருக்கும். சுகதேகியாக, என்டிபயோடிக் எடுக்காமல் இருப்பவர்களை இது இலேசில் பிடிக்காது, ஆனால் கையைச் சோப்பால் கழுவுங்கள் என்றேன். இரண்டு கிழமைக்கு நானும் அண்ணியும் மாறி மாறி கக்கூசைக் கழுவினோம். முதலில் சோப்பு. பிறகு கடையில் விற்கும் சாதாரண குளோரின் திரவம் ஒரு கோப்பைக்குத் தண்ணி ஒன்பது கோப்பை, அன்றன்றைக்குக் கலக்கி, துடைத்துப் பத்து நிமிஷம் ஈரமாக விட்டு, அதன்பின் கழுவி விட வேண்டும். ஜன்னலைத் திறந்து வையுங்கள். கக்கூஸ் கழுவும் அசிட்டோடு மட்டும் இதைச் சேர்த்துவிடாதீர்கள், நச்சுப் புகை வரும். அம்மாவின் துணிகளைத் தனியாகச் சுடுதண்ணியில் துவைத்தோம்.

இது திரும்பியும் வரும், ஐந்து பேரில் ஒருவருக்கு வரை வரலாம் என்று மிஸ் எச்சரித்திருந்தார். மார்ச் 15ஆம் திகதி அம்மாவுக்கு நாலு தடவை போனது. இந்த முறை அம்மாவே என்னை எழுப்பினார். பொறுத்துப் பார்க்கவில்லை, மாத்திரை கொடுக்கவில்லை. கொப்பியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினோம். ஆஸ்பத்திரி வாசலிலேயே 'சி. டிஃப், பெப்ரவரி 19 முதல் 28 வரை வன்கோமைசின்' என்று எழுதிய பக்கத்தைக் காட்டினேன். அன்று மத்தியானமே மருந்து தொடங்கியாகிவிட்டது. மூன்றாம் நாள் நின்றது. அதன் பிறகு இருமலுக்கு ஒரு தடவை டிஸ்பென்சரிக்குப் போனபோதும், அம்மா மருந்து வாங்குமுன் அந்தக் கொப்பியை நீட்டி, "இதப் பாத்துட்டுக் குடுங்க ஐயா" என்றார். என்டிபயோடிக் தேவையில்லை என்று ஐயா சொல்லிவிட்டார்.

ஆச்சி எங்களுக்கு இரண்டு கிழமை பிந்தித்தான் வீட்டுக்குப் போனார். அவர் மகளிடம் நான் எதையும் மறைக்கவில்லை. சனிடைசர் கதையைச் சொன்னேன், என் கையால்கூட வந்திருக்கலாம் என்றேன். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் அதைச் சொல்லி முடிக்க வெகுநேரம் எடுத்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். சித்திரை வருஷப் பிறப்புக்கு மறுநாள் அவரிடமிருந்து போன் வந்தது. வாழ்த்துச் சொல்லத்தான் என்று நினைத்தேன். வாழ்த்தும் சொன்னார். ஆச்சிக்குக் காலையிலிருந்து திரும்பவும் இளகிப் போகிறதாம், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேன் வந்துகொண்டிருக்கிறதாம், அதற்குள் கக்கூசைக் கழுவிவிட்டுப் போக நினைக்கிறாராம். "நங்கி, அந்தக் குளோரினுக்குத் தண்ணி எவ்வளவு?" என்று கேட்டார். ஒன்றுக்கு ஒன்பது என்றேன். எழுதிக்கொள்வதற்காக இரண்டு தடவை திருப்பிச் சொல்லச் சொன்னார்.